நத்தை போடாத ஓட்டை

அத்தியாயம் 6

“செத்துப்போச்சுன்னு எழுதிட்டாங்க யக்கா. எம் பொண்ணு சாவல.”

இதை அழுதுகொண்டே சொல்லியிருந்தால் நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதனால் எடுத்த தண்ணீரை நானே குடித்தேன்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ‘கொளஞ்சி துப்பறியும் நிலையம்’ என்று ஒரு போர்டு தொங்கும். போர்டில் இருப்பவர் கொளஞ்சியம்மாள், எல்லோருக்கும் அக்கா. பதினெட்டு வருடம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இல்லை, முகம் பூராவும் இருக்கும். போர்டில் இல்லாத ஆள் நான், செம்பியன். உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர், திட்டு வாங்குபவர். எல்லாப் பதவிக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

வந்திருந்தவள் பெயர் தமிழ்ச்செல்வி. கிள்ளைக்குப் பக்கத்தில் கோரைத்திட்டு. வயது இருபத்தேழுக்கு மேல் இருக்காது. போன வருஷம் கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. உப்பங்கழியில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்கி விற்றுத்தான் பிழைப்பு. பையன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். பெண் இலக்கியாவுக்கு இரண்டு வயது.

பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தமிழ்ச்செல்வி மட்டிக்குப் போயிருந்த நேரத்தில், அண்ணன் வீட்டில் பாயில் தூங்கிக்கொண்டிருந்த இலக்கியா காணாமல் போனாள். மறுநாள் குழந்தையின் இடுப்புக் கயிறு மட்டும் ஓடைக் கரையில் கிடைத்தது. அதோடு போலீஸுக்கு வேலை முடிந்துவிட்டது. ‘ஓடையில் தவறி விழுந்து அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம்’ என்று ஒரே வரி. எஸ்.ஐ. கயிற்றை போட்டோ எடுத்துக்கொண்டு, காரியத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அவளிடமே கொடுத்துவிட்டாராம்.

“தடயத்தயே திருப்பிக் குடுத்துட்டானா?” அக்கா மேசையில் அறைந்த அறையில் என் டீ டம்ளர் ஒரு முறை குதித்து உட்கார்ந்தது.

“இது எம் பொண்ணோடது இல்ல சார்ன்னேன். எப்பிடித் தெரியும்னாரு. ஓட்டை வேறன்னேன். சிரிச்சாரு யக்கா. ஸ்டேஷனே சிரிச்சுது.”

தமிழ்ச்செல்வி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தண்ணீர் பாட்டில். பர்ஸ். மட்டி பிளக்கும் கட்டைக் கத்தி.

“இதுக்கெல்லாம் நாங்க வெளியில செக்கிங் வெக்கணும் போல” என்றேன்.

“வாய மூடுறா” என்றார் அக்கா.

கடைசியாக வந்தது அந்தச் சிவப்புக் கயிறு. அதில் கோத்திருந்தது ஒரு சின்னக் கடல் நத்தையின் ஓடு. இலந்தைப்பழம் அளவுதான். வெள்ளையில் பழுப்புப் புள்ளிகள். எண்ணெய் தடவியது போல் பளபளப்பு. முதுகில் ஒரு சின்ன வட்ட ஓட்டை.

“இது மட்டி திங்கிற நத்தை யக்கா. மணலுக்குள்ளயே போயி மட்டியக் கட்டிப் புடிச்சுக்கும். எச்சியால மட்டியோட ஓட்ட ஊற வெச்சு, நாக்கால அரம் மாதிரி தேச்சுத் தேச்சு, ஒரு நாளு ரெண்டு நாளு குந்தி ஓட்ட போடும். அப்பறம் உள்ள இருக்கிறத உறிஞ்சிட்டுப் போயிடும்.”

“ஆளு இத்துனூண்டு, தொழிலு போர்வெல் கம்பெனி” என்றேன். இருவரும் சிரிக்கவில்லை.

“மட்டி கெடைக்கலன்னா தன் எனத்தயே ஓட்ட போட்டுத் தின்னும். அப்பிடித் தன் எனத்தாலயே ஓட்ட விழுந்த ஓடாப் பாத்துதான் எங்க திட்டுல புள்ளைங்க இடுப்புல கட்டுவோம். ஊரான் கண்ணுக்கு எலுமிச்சங்கா போதும். சொந்தக்காரங்க கண்ணுக்கு இதான். ஆயிரம் நத்தையில ஒண்ணு ரெண்டு கெடச்சா ஜாஸ்தி. இலக்கியாவுக்குத் தேடி எடுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. எங்க அண்ணன்தான் கட்டுனாரு. தாய்மாமந்தான் கட்டணும். வர்ற மாசி மகத்துக்குக் காது குத்தறதா இருந்தோம். அன்னிக்கிதான் அவுக்கணும். முன்னாடியே அறுத்தா கட்டுன கைக்கு ஆவாதும்பாங்க.”

அவள் பர்ஸிலிருந்து இதேபோல் இன்னொரு நத்தை ஓடு எடுத்தாள். “இது பையனோடது. அவனுக்குக் காது குத்தியாச்சு. அதான் எடுத்து வெச்சிருக்கேன்.”

அக்கா இரண்டையும் கையில் வாங்கும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா இரண்டையும் சட்டென்று மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

வந்தவன் வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. கண் வீங்கியிருந்தது.

“செல்வி, சொல்லாம கொள்ளாம பஸ் ஏறி வந்துட்டியே. பயந்துட்டோம். கண்டக்டரக் கேட்டுத்தான் கண்டுபுடிச்சேன்” என்றவன் எங்களைக் கும்பிட்டான். “நான் இவளோட அண்ணன், தமிழ்மணி. யக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. காரியம் பண்ணணும். புள்ள ஆத்மா அலையும்.”

“கயித்தக் கண்டெடுத்தது யாரு?” என்றார் அக்கா.

“நாந்தான் யக்கா. நான் கட்டுன கயிறு. நானே கரையில பொறுக்குனேன்.” அவனுக்குக் குரல் உடைந்தது. “அந்த வாரம் ஒரு பொம்பள, தடுப்பூசிக்குக் கணக்கு எடுக்கறேன்னு தோள்ல பையோட திட்டுல சுத்துனா. போலீஸுல அதையும் சொன்னேன். எவனும் காதுல போட்டுக்கல.”

எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. என் சொந்த அண்ணன் என் கல்யாணம் நின்றபோதுகூட போன் பண்ணாதவன். கீழே போய் அவனுக்கு ஒரு டீ சொன்னேன். அவன் பாதி குடிப்பதற்குள் முதலாளியிடமிருந்து போன் வந்தது. அதுவரை வலை தைத்துக்கொண்டிருந்தவன், நாலு மாதமாக மஞ்சக்குப்பத்தில் ஒரு மனை வியாபாரியிடம் கார் ஓட்டுகிறானாம். தங்கையைச் சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு ஓடினான். காரின் பின் கண்ணாடியில் ‘பூங்கதிர் நகர் மனைகள்’ என்று பெரிதாக ஒட்டியிருந்தது.

நான் மேலே வந்தபோது அக்கா காலண்டரில் குத்தியிருந்த உருண்டைத் தலைக் குண்டூசி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“டேய் செம்பியா, இங்க வா. பாரு.”

பையனுடைய ஓட்டின் துளையில் குண்டூசியை நட்டார். ஊசித் தலை கிண்ணத்தில் உட்காருவதுபோல் உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பாதித் தலை வெளியே தெரியவில்லை.

“நத்தை மேலேருந்து தேச்சுக்கிட்டே எறங்குது. அதனால வெளிப்பக்கம் அகலம், உள்ள போவப் போவ குறுகல். புனல் மாதிரி. இப்ப இதப் பாரு.”

கரையில் கிடைத்த ஓட்டின் துளையில் நட்டார். தலை உள்ளே இறங்கவில்லை. துளைக்கு மேல் மூடி போட்டதுபோல் நின்றது.

“மேலயும் கீழயும் ஒரே அளவு. இது நத்தை போட்ட ஓட்டை இல்ல. மெஷின் போட்டது. யாரோ புதுசா ஒண்ணு செஞ்சு கரையில போட்டிருக்காங்க.” அக்காவின் குரல் ஏறியது. “ஒரு குண்டூசி! இந்த ஜில்லாவுல இருக்கிற எந்த ஸ்டேஷன்லயும் ஒரு குண்டூசி கெடைக்காதா? பெத்தவ கண்ணால பாத்துச் சொல்றா, ஓட்டை வேறன்னு. சிரிச்சானாம்!”

“அப்ப எம் பொண்ணு?” தமிழ்ச்செல்வி எழுந்துவிட்டாள்.

“செத்த புள்ளைக்கு எவனும் டூப்ளிகேட் கயிறு செய்ய மாட்டான். உயிரோடதான் இருக்கா.”

தமிழ்ச்செல்வி மறுபடி உட்கார்ந்தாள்.

“உங்க அண்ணனுக்குமா வித்தியாசம் தெரியல?” என்றேன்.

“சிவப்புக் கயித்தப் பாத்ததும் பதறியிருப்பாரு. ஆம்பளைங்க எங்க ஓட்டையெல்லாம் பாக்குறாங்க” என்றாள்.

அக்கா கரையில் கிடைத்த நத்தை ஓட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். துளையின் உள்விளிம்பில் ஒரு பொட்டு பச்சை. நகத்தால் சுரண்டினார். மெழுகு.

பச்சை மெழுகு! இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

“யக்கா, சிதம்பரம். கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்துல ஒரு கிளிஞ்சல் கடை. ஒரு பொண்ணுக்கு அங்க நான் கிளிஞ்சல் திரை வாங்கிக் குடுத்தேன். எல்லா ஓட்டையிலயும் பச்சையும் சிவப்புமா மெழுகு இருந்துச்சு. ‘என்னா இது, அழுக்கு’ன்னா. மூணாவது மாசம் வேற ஒருத்தனக் கட்டிக்கிட்டா.”

“அந்தப் பொண்ணு பொழச்சுக்கிட்டா. வண்டிய எடு.” அக்கா குண்டூசியைத் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டு எழுந்தார்.

*

எங்கள் மாருதி 800-இல் ஏ.சி. கிடையாது, ஹார்ன் உண்டு. ஆலப்பாக்கம் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. புதுச்சத்திரத்தில் பொறுக்க முடியவில்லை.

“ஒரு டவுட்டு யக்கா. புள்ளயத் தூக்குனவன் கையில புள்ள இருக்கு. புள்ள இடுப்புல கயிறு இருக்கு. பிளேடால ஒரு இழுப்பு. கொண்டாந்து கரையில போட்டா முடிஞ்சுது. அத வுட்டுட்டு எதுக்கு நத்தையத் தேடி, மெஷினத் தேடி, கயித்தத் தேடி இன்னொண்ணு செய்யணும்? அவன் என்ன லூசா?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

“எப்பயாவது ஒரு தடவ நீ சரியான கேள்வி கேக்குற. அதுக்குப் பதில் தெரிஞ்சா ஆளு யாருன்னு தெரிஞ்சுடும். நேரா பாத்து ஓட்டு.”

கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் தமிழ்ச்செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

*

கடை ஒரு ஆள் அகலம். கிளிஞ்சல் திரை, கிளிஞ்சல் விளக்கு, பேர் எழுதிய சோழி என்று கூரைவரை தொங்கியது. உள்ளே ஒரு பெண் துளையிடும் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடு நழுவாமல் இருக்க அதை ஒரு பச்சை மெழுகுக் கட்டியில் அழுத்தி நட்டுத் துளை போட்டாள். பெயர் ஜான்சி. மாதா கோயிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுவத்திகளை வாங்கி வந்து உருக்கி வைத்துக்கொள்வாளாம்.

அக்கா அந்த நத்தை ஓட்டை நீட்டினார். ஜான்சி பார்த்த உடனே சொன்னாள்.

“நான் போட்டதுதான் யக்கா. நல்லா ஞாபகம் இருக்கு. இந்த நத்தைக்கு யாரும் ஓட்ட போடச் சொல்லி வர மாட்டாங்க. ரெண்டு வாரம் ஆவல. ஒரு அண்ணன் வந்தாரு. ஆணி வெச்சு அடிச்சேன், ரெண்டு ஒடஞ்சு போச்சு, நீங்க போட்டுக் குடுங்கன்னாரு.”

“தனியாவா வந்தான்?”

“இல்ல. தோள்ல ஒரு பொம்பளப் புள்ள. வெயில்ல வாடிப் போயிருந்துச்சு. நாந்தான் தண்ணி குடுத்தேன். ரெண்டு மடக்குக் குடிச்சுட்டுச் சிரிச்சுது.”

தமிழ்ச்செல்வியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு, என்னான்னு சொன்னானா?”

“பேரு சொல்லல. புள்ள ‘மாமா, மாமா’ன்னு கட்டிக்கிச்சு.”

“எல்லாப் புள்ளைக்கும் எல்லாரும் மாமாதான்” என்றேன். “என்னையே நாலு தெருவுல மாமாங்குதுங்க.”

“ஒண்ணு மட்டும் விசித்திரமா இருந்துச்சு யக்கா” என்றாள் ஜான்சி. “புள்ள இடுப்புலயே இதே மாதிரி ஒண்ணு கெடந்துச்சு. எதுக்குண்ணா இன்னொண்ணு, இதையே கழட்டிக்கலாமேன்னு கத்திரிக்கோல எடுத்தேன். மனுசன் பதறிட்டாரு. எங்கையத் தட்டிவுட்டாரு. ‘ஐயோ வேணாம்மா, காது குத்தாம அத அறுத்தா என் கைக்கு ஆவாது’ன்னாரு.”

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா மெதுவாகத் திரும்பினார். “தமிழ்ச்செல்வி, காலையில என்ன சொன்ன? முன்னாடியே அறுத்தா யாரு கைக்கு ஆவாது?”

“கட்டுன கைக்கு.”

“வேற எவனா இருந்தாலும் அறுத்திருப்பான். அவனுக்கென்ன பயம்? அறுத்தா தன் கை போயிடும்னு பயப்பட வேண்டிய ஆளு இந்த உலகத்துலயே ஒருத்தன்தான். கட்டுனது யாரு?”

தமிழ்ச்செல்வி பையைத் திறந்தாள். போனை எடுத்தாள். பையனின் காதுகுத்துப் படம். பையனை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் சிரிக்கிறான் தமிழ்மணி. ஜான்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இவருதான்” என்றாள் ஜான்சி. பிறகு எங்கள் மூவர் முகத்தையும் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

காலையில் அந்த நாய்க்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாக வேறு போடச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு கசக்கிறது.

*

திரும்பும் வழியில் பி.முட்லூர் தாண்டிய பிறகுதான் தமிழ்ச்செல்வி பேசினாள்.

“அன்னிக்கிப் பொழுது சாஞ்சும் எங்கூடவே ஓடையில எறங்கித் தேடுனான் யக்கா. கழுத்தளவு தண்ணி. ‘இலக்கியா, இலக்கியா’ன்னு கூப்புட்டுக்கிட்டே தேடுனான். புள்ள எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே கூப்புட்டிருக்கான்.”

அக்கா டாஷ்போர்டைக் குத்தினார். அதில் ஏற்கெனவே இருந்த விரிசல் இன்னும் ஒரு விரல் நீண்டது.

“புள்ள அவன் மொதலாளி வீட்டுலதான் இருக்கும்னு நெனைக்கிறீங்களா?” என்றேன்.

“நாலு மாசம் முன்னாடிவரைக்கும் வல தச்சவன் கையில திடீர்னு கார் சாவி வந்திருக்கு. சும்மா வராது. ஆனா உறுதியாத் தெரியல. அவன் வாயாலயே வரணும்.”

மஞ்சக்குப்பத்தில் பூங்கதிர் நகர் மனைகள் ஆபீஸைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் அந்தக் கார் நின்றது. உள்ளே சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான் தமிழ்மணி. நாங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் நிறுத்தினோம். தமிழ்ச்செல்வியின் போனிலிருந்து அவன் நம்பரை எடுத்து, பக்கத்து டீக்கடைக்காரரின் போனில் அழுத்தி என்னிடம் கொடுத்தார் அக்கா. என்ன பேச வேண்டும் என்று காதில் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அந்த நிமிடம் இரண்டு மடங்காயிற்று.

“அண்ணே, நான் வீட்டுல புதுசா வேலைக்கிச் சேந்திருக்கேன்” என்றேன் இழுத்து. “அம்மா கத்திரிக்கோலு கேக்குறாங்க. பாப்பா இடுப்புல கயிறு அழுக்கா இருக்காம், அறுக்கணுமாம். உங்கள ஒரு வார்த்த கேட்டுக்கச் சொன்னாங்க.”

எதிர்ப்பக்கக் காரில் சாய்ந்திருந்த தலை துள்ளி எழுந்தது.

“அறுக்காத! அறுக்காதடா! கத்திரியக் கீழ வெக்கச் சொல்லு! நான் கட்டுனது அது! தோ, வர்றேன்!”

போனில் கேட்டதைவிடத் தெருவில் சத்தமாகக் கேட்டது. கார் ஒரு சைக்கிளை உரசிக்கொண்டு கிளம்பியது.

“சொல்லிட்டான்” என்றேன்.

“பின்னாடியே போ” என்றவர் தன் போனை எடுத்தார். அந்த எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார். “நான் கொளஞ்சியம்மாள். தமிழ்ச்செல்வி ஓட்டை வேறன்னு சொன்னப்ப சிரிச்சீங்களாமே சார்? கடலூருக்குக் கிளம்பி வாங்க. பீச் ரோட்டுப் பக்கம் போயிக்கிட்டிருக்கேன். வந்து சிரிங்க.”

அடுத்ததாகத் தன்னோடு வேலை பார்த்த பெண் இன்ஸ்பெக்டர் ஒருவரைக் கூப்பிட்டார். அவரிடம் மரியாதையாகப் பேசினார்.

*

பீச் ரோட்டிலிருந்து மூன்றாவது திருப்பம். மாடி வீடு. கார் குறுக்காக நின்றது, கதவுகூட மூடவில்லை. கேட்டும் திறந்தே கிடந்தது.

கூடத்தில் ஒரு அம்மாள், முதலாளியின் மனைவியாக இருக்கும், தட்டில் நெய்ச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். எதிரே லேஸ் வைத்த கவுனில் ஒரு சின்னப் பெண். அவள் முன்னால் மண்டியிட்டு, கவுனைத் தூக்கி இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான் தமிழ்மணி. கயிறு இருந்தது. “இருக்கு... இருக்கு” என்று மூச்சு விட்டான்.

“யாரு தமிழ்மணி அறுக்கச் சொன்னது? நான் ஒண்ணும் சொல்லலியே” என்றார் அந்த அம்மாள்.

குழந்தைதான் எங்களை முதலில் பார்த்தது.

“அம்மா!”

தமிழ்ச்செல்வி ஓடவில்லை. குழந்தைதான் ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவள் அள்ளி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கழுத்தை மோந்து பார்த்தாள். அதுவரை அடக்கிய அழுகை அப்போது வந்தது. சத்தம் இல்லாமல் வந்தது.

“யாரு நீங்க? உள்ள எப்பிடி வந்தீங்க?” அந்த அம்மாள் எழுந்தார். “பெத்தவளே சம்மதிச்சுக் குடுத்தது. பேப்பர் இருக்கு. கைநாட்டு வெச்சிருக்கா!”

அந்தப் பேப்பரும் வந்தது. கீழே கறுப்பு மையில் ஒரு பெருவிரல்.

“நான் பன்னெண்டாவது பாஸ் பண்ணவ” என்றாள் தமிழ்ச்செல்வி. “எம் பேர நான் ரெண்டு மொழியில எழுதுவேன். இது யாரு வெரலுண்ணே?”

தமிழ்மணி சுவரோடு ஒட்டி நின்றான். அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். அவர் பிடித்தால் பிடித்ததுதான்.

“நல்லதுக்குத்தான் செல்வி பண்ணேன். புருசன் இல்லாம ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு என்னா பண்ணுவ? இங்க ஏ.சி. ரூமு, இங்கிலீஷ் ஸ்கூலு. ராணி மாதிரி இருப்பா. எனக்கும் ஒரு நெரந்தர வேல.”

“செத்துட்டான்னு எங்கிட்ட சொல்லிட்டா நல்லது பண்ண?”

“நீ தேடிக்கிட்டே இருப்பியேன்னுதான்...”

தமிழ்ச்செல்வி ஒரு கையால் பையைத் திறந்தாள். மட்டிக் கத்தி வெளியே வந்தது.

நான் பாய்ந்தேன். அக்கா இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். “இரு” என்றார்.

கத்தி தமிழ்மணியிடம் போகவில்லை. தமிழ்ச்செல்வி குழந்தையின் கவுனை விலக்கினாள். சிவப்புக் கயிற்றின் கீழே விரலைக் கொடுத்தாள்.

“வேணாம் செல்வி!” தமிழ்மணி அலறினான். காலரைப் பிடித்தபோது அலறாதவன், தங்கை கைநாட்டைக் காட்டிக் கேட்டபோது அலறாதவன், அப்போது அலறினான். “மாசி மகம் வரட்டும் செல்வி! என் கை! என் கை போயிடும்!”

ஒரே இழுப்பு. கயிறு அறுந்தது. குழந்தையின் இடுப்பில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அவள் அவன் வலது கையைப் பிடித்து விரித்தாள். கயிற்றை அதில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“சொந்தக்காரங்க கண்ணுக்குத்தான் இதக் கட்டறதுன்னு சொல்லிச் சொல்லிக் கட்டுனியே. நீயே வெச்சுக்கண்ணே.”

அவன் அந்தக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பெண் இன்ஸ்பெக்டர் வந்து அந்த அம்மாளை விசாரிக்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எஸ்.ஐ. கடைசியாக வந்து சேர்ந்தார். வேர்த்திருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நேரே தமிழ்மணியிடம் போய் விலங்கை எடுத்தார்.

“கையில என்னடா? தொறடா.”

தமிழ்மணி திறக்கவில்லை. எஸ்.ஐ. விரல்களைப் பிரித்தார். சிவப்புக் கயிறு. இலந்தைப்பழம் அளவில் ஒரு புள்ளி நத்தை ஓடு.

குழந்தையோடு வாசல்வரை போயிருந்த தமிழ்ச்செல்வி நின்றாள். திரும்பி வந்தாள். அக்காவின் சட்டைப் பையில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கி எஸ்.ஐ.யிடம் நீட்டினாள்.

“இது எம் பொண்ணோடது சார்” என்றாள். “இப்பப் பாருங்க, ஓட்டைய.”